பாடி மவுண்ட் துருப்பிடித்தால் ரப்பரை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். 1990களின் நடுவில் வந்த 80 வரிசை லேண்ட் குரூசர், பெரும்பாலும் மீன்பிடிப் படகு இழுக்கத்தான். வண்டியின் பாடியை அடிச்சட்டமான சேஸிஸோடு இணைக்கும் பாடி மவுண்ட்களில் பின்பக்கத்தவை இரண்டும் துருவேறிப் போயின. பாடி வேலை பார்க்கும் பேனல் பீட்டர், "ரப்பரை மாற்றி, ஓட்டை மேல் ஒரு தகடு வைத்து வெல்ட் அடித்துவிடலாம்" என்கிறார். செய்யலாமா?

பதில்:

பேனல் பீட்டர் சொன்னதில் பாதி சரி. ரப்பரை மாற்றத்தான் வேண்டும். ஆனால் துருவின் மேல் தகடு வைத்து மூடினால் இரண்டுக்கும் நடுவில் உப்பு ஈரம் தங்கிவிடும். பழைய இரும்பு உள்ளிருந்தே அரிக்கும், வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

மவுண்ட் என்றால் ரப்பர் மட்டும் இல்லை. சேஸிஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பிராக்கெட், மேல் கீழ் ரப்பர்கள், அவற்றுக்குள் ஓடும் இரும்புக் குழாய், கப் வாஷர், போல்ட், பாடியின் தரைக்குள் வெல்ட் செய்த நட், எல்லாம் சேர்ந்ததுதான் மவுண்ட். தென்னாப்பிரிக்காவில் கடற்கரையில் வண்டி ஓட்ட 2002 முதல் தடை இருக்கிறது. இருந்தாலும் படகு இறக்கும் இடத்தில் பின்சக்கரம் உப்புநீரில் இறங்கத்தான் செய்யும். அந்த நீரும் மணலும் பிராக்கெட்டுக்கும் ரப்பருக்கும் இடையில் அடைந்துவிடும். மேலே குழாயால் கழுவினாலும் அங்கே போகாது.

முதலில் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். சின்ன சுத்தியலால் பிராக்கெட்டையும் அதைச் சுற்றியுள்ள சேஸிஸையும் தட்டுங்கள். நல்ல இரும்பு 'ணங்' என்னும், அரித்த இரும்பு 'பொத்' என்னும். சந்தேகமான இடத்தில் திருப்புளியால் குத்துங்கள். பிராக்கெட் மட்டும் போயிருந்தால் கவலையில்லை. சேஸிஸின் நீள உத்தரமான ரெயிலே மெலிந்திருந்தால் வேலையின் அளவே வேறு. அதற்குச் சேஸிஸ் வெல்டிங் தெரிந்தவர் வேண்டும். வண்டியை விற்கப் போனால் சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் ரோட்வொர்தி பரிசோதனையில் அதுதான் மாட்டும்.

பொறுமையைச் சோதிப்பது போல்ட்தான். வேலைக்குச் சில நாள் முன்பிருந்தே தினமும் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். கழற்றும்போது முதலில் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி என்று ஆட்டி ஆட்டித்தான் எடுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் இம்பாக்ட் கன் (அடித்து அடித்துத் திருகும் கருவி) வைத்தால் தரைக்குள் இருக்கும் நட் வெல்ட் விட்டுச் சுழலும். அப்படிச் சுழன்றால் உள்ளே கார்ப்பெட்டை எடுத்து, நட்டுக்கு நேர் மேலே தகட்டை மூன்று பக்கம் மட்டும் வெட்டிக் கதவு மாதிரி மடக்கித் திறக்க வேண்டியதுதான். இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் பின்பக்கம் இருப்பதால் அங்கே நெருப்பு காட்டவே கூடாது. வராத போல்ட்டை ரப்பர் நடுவே ரம்பத்தால் அறுத்துவிடுவது மேல்.

எல்லா மவுண்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மற்றவைதான் பாடியை இடத்தில் பிடித்து வைக்கும். பின்பக்கத்தை 25 அல்லது 30 மில்லிமீட்டர் தூக்கினால் போதும். முன்பக்க போல்ட்களை இரண்டு மூன்று சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். டேங்குக்குப் போகும் ரப்பர் குழாய், எர்த் வயர், ஹேண்ட்பிரேக் கேபிள் எதுவும் இழுபடுகிறதா என்று தூக்கத் தூக்கப் பாருங்கள். ஜாக்கிக்கு மேல் நீளமான மரக்கட்டை வையுங்கள், இல்லையேல் தரைத்தகடு குழிந்துவிடும். தூக்கியதும் மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் இடைவெளிக்குள் கையை விடாதீர்கள்.

பழைய பிராக்கெட்டை வெட்டும் முன், போல்ட் ஓட்டையின் மையம் ரெயிலில் உள்ள இரண்டு நிலையான ஓட்டைகளிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பட்டை இரும்பில் சின்னதாக ஒரு அச்சு செய்து வைத்தால் இன்னும் நல்லது. இதை விட்டுவிட்டால் பிறகு பின்கதவு ஒட்டாது.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றுங்கள், டேங்கை இறக்குங்கள், பிரேக் குழாயையும் வயரையும் ஒதுக்குங்கள், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். புதிய பிராக்கெட்டுக்கு 4 மில்லிமீட்டர் தகடு சரியாக இருக்கும். ரெயிலுக்கு வலுவூட்டும் தகடு வைத்தால் அதன் முனைகளைச் சாய்வாக வெட்டுங்கள். ரெயிலுக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரே கோட்டில் வெல்ட் அடித்தால் கரடுமுரடான பாதையில் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். தரைத்தகடு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அங்கே 0.8 மில்லிமீட்டர் கம்பியுடன் மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்து உருகும் வகை) 15 மில்லிமீட்டர் துண்டு துண்டாக, இடம் மாற்றி மாற்றி அடியுங்கள். தொடர்ந்து அடித்தால் ஓட்டை விழும், தகடும் நெளியும். நட்டை 5 மில்லிமீட்டர் தகட்டில் வெல்ட் செய்து, தரையில் உள்ள ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக விட்டால் கடைசியில் சரிசெய்ய இடம் கிடைக்கும்.

வெல்ட் ஆறியதும் எபாக்சி பிரைமர், இணைப்புகளில் சீலர், பெயின்ட். சேஸிஸ் குழலுக்குள் நீளமான குழாய் வைத்து மெழுகு அடியுங்கள், வடிகால் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். தார் மாதிரியான அடிப்பூச்சு எனக்குப் பிடிக்காது. ஒரு மூலை உரிந்தால் அதற்குள் நீர் தங்கும், துரு கண்ணுக்கும் தெரியாது.

ரப்பரைப் பொறுத்தவரை ஒரிஜினல் வகையே போதும். பாலியூரிதேன் கெட்டியாக இருப்பதால் சரளைச் சாலையின் அதிர்வு முழுவதும் பாடிக்கு ஏறும். பழைய கன்வேயர் பெல்ட்டை வட்டமாக வெட்டிப் போடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதற்குள் இருக்கும் துணி அடுக்கு நீரை உறிஞ்சும், வேண்டாம். பின்பக்கம் மட்டும் புது ரப்பர் போட்டால் அங்கே பாடி சில மில்லிமீட்டர் உயரும். முடிந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். போல்ட் 8.8 வலுத் தரத்தில் இருக்கட்டும். துருவுக்குப் பயந்து சாதாரண ஸ்டெயின்லெஸ் போட்டால் வலு குறையும், மரைகள் ஒன்றோடொன்று சிக்கியும் கொள்ளும்.

உள்குழாய் இரண்டு பக்க உலோகத்திலும் முட்டும் வரை, கம்பெனி சொல்லும் டார்க்கில் (திருகு விசை அளவில்) இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள். பேனல் பீட்டரிடமே கொடுப்பதானால், பெயின்ட் அடிக்கும் முன் வெல்டைப் பார்க்க வருவேன் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.