செட்டிநாட்டு வளவு வீட்டில் சோலார் போடலாமா? நம்மூர்க் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடிப் பக்கம் வயரிங் வேலை பார்க்கிறேன், கொஞ்ச வருடமாக சோலாரும். கரண்ட் பில் ஏற ஏற என்னிடம் வரும் கேள்விகளில் சில இங்கே.

பள்ளத்தூரிலிருந்து: போன தடவையை விடப் பத்து யூனிட்தான் கூட. பில் முந்நூறு ரூபாய் ஏறிவிட்டது. மீட்டர் கோளாறா அண்ணே?

மீட்டர்மேல் பழி போடாதீர்கள், 500-ஐத் தாண்டியிருப்பீர்கள். 2022 செப்டம்பர் கட்டணத்தில் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 510 என்றால் 2,030. கோட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான 2.25 ரூபாய் விலை போய், அதற்கும் 4.50 விழுகிறது. மேலே போன பத்துக்கு எட்டு எட்டு ரூபாய். அதற்கப்புறம் விலை ஏறியிருக்கிறது, கணக்கின் போக்கு அதேதான்.

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி: எங்கள் ஓட்டு வீட்டின்மேல் சோலார் வைக்கலாமா தம்பி?

ஓட்டின்மேல் வேண்டாம் ஆச்சி. நாட்டு ஓடு அடுக்கடுக்காக வேய்ந்தது, ஆள் ஏறினாலே நகரும். ஒன்று விலகினால் மழைத்தண்ணீர் தேக்கு உத்திரத்தில் இறங்கும். பின்கட்டில் தளம் போட்ட மாடி இருந்தால் அங்கே வைக்கலாம். 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும், நாளைக்கு 4 யூனிட் போலக் கிடைக்கும்.

அதற்கு முன் ஒன்று. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடா? அப்படியானால் பெரும்பாலும் 100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே அடங்கிவிடும், சோலார் வீண்செலவு. இணைப்பு யார் பெயரில் என்பதையும் பாருங்கள். ஒரு வீட்டில் பேனல் மாட்ட எனக்கு இரண்டு நாள். மூன்று பங்காளிகளிடம் கையெழுத்து வாங்க நாலு மாதம்!

மானியம் எவ்வளவு?

2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய்.

சோலார் போட்டும் கரண்ட் போனால் வீடு இருட்டாகிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. பேட்டரி இல்லாத அமைப்பு அப்படித்தான் நின்றுவிடும். நிற்காவிட்டால் உங்கள் மாடிக் கரண்ட் தெருக் கம்பிக்குப் போய்விடும். நின்றால்தான் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் பிழைப்பார்.

கமுதியில் 648 மெகாவாட் சோலார் இருக்கிறதே, வழுதூர் கேஸ் மின்நிலையம் இன்னும் எதற்கு?

ஆறரை மணிக்குக் கமுதியில் ஒன்றும் வராது. எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி போடுகிற நேரமும் அதுதான். காற்றாலை மே முதல் செப்டம்பர் வரைதான் தாராளமாகக் கொடுக்கும். பெரிய அளவில் பேட்டரி வரும்வரை மாலை நேரத்துக்கு வேறு ஏதாவது கைகொடுக்கத்தான் வேண்டும்.

கேஸை விட்டுவிட்டு இண்டக்‌ஷனுக்கு மாறலாமா?

14.2 கிலோ சிலிண்டர் செய்யும் வேலைக்கு இண்டக்‌ஷனில் சுமார் 130 யூனிட் ஆகும். 500-ஐத் தாண்டிய வீட்டில் யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் 1,040 ரூபாய். அதைச் சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோலார் இருந்து, பகலில் சமைத்தால் லாபம். சோறு, குழம்பை அதில் வையுங்கள். வெள்ளைப் பணியாரத்துக்கு மட்டும் கேஸ் இருக்கட்டும், அடி வளைந்த இருப்புச்சட்டி இண்டக்‌ஷன் அடுப்பின் தட்டைக் கண்ணாடியில் உட்காராது.