கேளுங்கள், சொல்கிறோம்: குதிரைக்கு லாடமா, வெறுங்குளம்பா?

கே: என் நாட்டுக்குதிரைக்கு ஐந்து வயது. வாரம் மூன்று நாள் வண்டியில் பூட்டித் தார் ரோட்டில் ஓட்டுகிறேன். மற்ற நாளில் தோப்பில் நிற்கும். லாடத்தைக் கழற்றிவிட்டால் குளம்பு உறுதிப்படும் என்கிறார் ஒருவர்; தார் ரோட்டுக்கு லாடம் இல்லாமல் முடியாது என்கிறார் இன்னொருவர். என்ன செய்ய? (வாசகர், பொள்ளாச்சி)

ப: குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேய்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மி.மீ. வளரும். முடி முடிகிற விளிம்பிலிருந்து குளம்பு நுனி வரை டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். செதுக்காமலேயே அளவு மாதாமாதம் குறைந்தால், அந்த வேலைக்கு வெறுங்குளம்பு ஈடுகொடுக்காது, லாடம் வேண்டும். லாடம் கட்டிய குளம்பு தேயாது என்பதால், இந்தச் சோதனையைக் கழற்றிய பிறகுதான் செய்ய முடியும்.

அடுத்து அடிப்பாதம். கட்டைவிரலால் அழுத்தும்போது அமுங்கிக்கொடுத்தால் பாதம் மெலிந்திருக்கிறது. ஜல்லி மேல் நடத்திப் பாருங்கள். அடியைச் சுருக்கி வைத்து, ஓரத்து மண்ணையே தேடிப் போனால் அது இன்னும் தயாரில்லை.

உடல் எடையில் 60 சதவீதம்வரை முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. அதனால் முன்னால் மட்டும் லாடம் கட்டி, பின்னங்காலை வெறுமனே விடுவது நல்ல நடுவழி. ஆனால் வண்டிக் குதிரை பின்னங்காலை ஊன்றி உந்துவதால் அங்கே நுனி சீக்கிரம் தேயும், அதையும் அளந்துகொள்ளுங்கள். இன்னொன்று, வழவழப்பான இரும்பு லாடம் நனைந்த தாரில் வழுக்கும். அடியில் காடி (நீளப் பள்ளம்) வெட்டிய லாடம் கொஞ்சம் பிடிப்புத் தரும்.

கே: லாடத்தைக் கழற்றியதும் குதிரை நொண்டுகிறது. திரும்ப அடித்துவிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

ப: எப்படிக் கழற்றினீர்கள்? குளம்பின் வெளிச்சுவரில் மடித்துவிட்ட ஆணி முனைகளை முதலில் நிமிர்த்த வேண்டும், அல்லது அரத்தால் தேய்த்தெடுக்க வேண்டும். பிறகு இடுக்கிக் குறட்டைக் குதிகால் பக்கம் கொடுத்து, நுனியை நோக்கி உள்வாக்கில் அமுக்கிக் கழற்ற வேண்டும். வெளிப்பக்கம் திருகினால் ஆணியோடு குளம்புச் சுவரும் பெயர்ந்து வரும்.

பெரும்பாலும் நொண்ட வைப்பது கத்தி. லாடம் அடிக்கும்போது அடிப்பாதத்தை வெள்ளையாக வரும்வரை சுரண்டுவது நம்மூரில் பலருக்குப் பழக்கம். லாடத்தின் உயரம் இருக்கும்வரை அந்த மெலிவு தெரியாது; கழற்றியதும் தரையில் படும். இனி அடிப்பாதத்தையும் நடுவிலுள்ள முக்கோண மெத்தையையும் தொடவே வேண்டாம், தொங்கும் சிம்புகளைத் தவிர. விளிம்பை மட்டும் அரத்தால் உருட்டிவிடுங்கள். கூர்விளிம்பாக விட்டால் ஆணி ஓட்டை வழியே பிளக்கும். ஆறு முதல் எட்டு வாரம் தாரும் ஜல்லியும் வேண்டாம். மண் தரையில் தினமும் நடக்கட்டும். நுனிக் குளம்பு முழுதும் புதிதாக வளர 9 முதல் 12 மாதம் ஆகும். குளம்பு சூடாக இருந்து, கணுவின் பின்புறம் நாடி பலமாகத் துடித்தால் காத்திருக்காதீர்கள். குளம்புக்குள் வீக்கமாக இருக்கலாம், மருத்துவர் பார்க்க வேண்டும்.

கே: லாடம் அடித்த இரண்டாம் நாள் ஒரு காலை ஊன்ற மறுக்கிறது. ஏன்? (வாசகர், தேனி)

ப: ஆணி உயிர்ச்சதையை நெருக்கியிருக்கலாம். அடிப்பாதமும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு வெளிர் கோடு ஓடும். ஆணி அதற்கு வெளியேதான் ஏற வேண்டும். சதையில் குத்தினால் அடிக்கும்போதே காலை உதறும். ஓரமாய் நெருக்கினால் ஓரிரு நாள் கழித்துத்தான் வலி தெரியும். சிறு சுத்தியலால் ஒவ்வொரு ஆணியாகத் தட்டுங்கள். காலை இழுத்துக்கொள்ளும் ஆணியைப் பிடுங்கி, முனையைப் பாருங்கள். இரத்தமோ கறுப்பு நீரோ சீழோ இருந்தால் லாடத்தையே கழற்றி, அன்றே மருத்துவரை அழையுங்கள். டெட்டனஸ் குதிரைக்கு மிக எளிதில் வரும், பிழைப்பது கடினம். தடுப்பூசி எப்போது போட்டது என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

கே: 14 மாதக் குட்டிக்கு லாடம்? (வாசகர், மதுரை)

ப: வேண்டாம். குளம்பு இன்னும் அகன்று வளர்கிறது. லாடம் அதை இறுக்கும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சமமாகச் செதுக்கினால் போதும். இப்போதே தினம் நான்கு கால்களையும் தூக்கி, அடியில் லேசாகத் தட்டிப் பழக்குங்கள். பின்னாளில் லாடக்காரர் வரும்போது உதைக்காமல் நிற்கும்.