சாம்பார் கமிட்டி

அன்புள்ள ஐயா,

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாக ஆலையில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். தலைமையகம் ஜெர்மனி. அங்கே பயிற்சிக்குப் போனபோது, ஷிப்ட் நேரத்தை மாற்றக்கூடத் தொழிலாளர் குழு சம்மதிக்க வேண்டும் என்றார்கள். இங்கே நோட்டீஸ் ஒட்டினால் முடிந்தது. கேட்டால், ‘நம்ம ஆட்கள் கலாச்சாரம் வேறு’ என்கிறார் என் மேலாளர். அப்படியா?

செ., படப்பை

அன்புள்ள செ.,

கலாச்சாரம் என்ற பதிலை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். நம்பியதில்லை. 1918லேயே பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள் பி.பி. வாடியா, திரு.வி.க. என்ற தலைவர்கள் துணையோடு சங்கம் கண்டவர்கள். வாய் திறக்கத் தெரியாதவர்களா நம் ஆட்கள்?

சட்டம் கையில் எதைக் கொடுக்கிறது என்பதுதான் விஷயம். ஜெர்மனியில் 5 பேர் வேலை செய்தாலே குழு தேர்ந்தெடுக்கலாம். அந்தக் குழுவைக் கேட்காமல் ஒருவரை வேலையை விட்டு நீக்கினால் நீக்கமே செல்லாது. 2000 பேருக்கு மேல் உள்ள கம்பெனிகளில், 1976 சட்டப்படி, நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் தரப்புக்கு. (ஓட்டு சமமானால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு. அவர் முதலாளி தரப்பு ஆள். அங்கேயும் யாரும் ஏமாளி இல்லை.) ஜப்பான் வேறு ரகம்: கம்பெனிக்குள்ளேயே சங்கம், தர வட்டத்தில் (தரத்தை உயர்த்தக் கூடிப் பேசும் சிறு குழு) யோசனை சொல்லலாம், போர்டில் நாற்காலி கிடையாது.

அதே 1976ல் நாமும் அரசியலமைப்பில் 43ஏ பிரிவைச் சேர்த்தோம், நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு என்று. வழிகாட்டு நெறிதான், அதைக் காட்டி கோர்ட்டுக்குப் போக முடியாது. அந்தப் பங்கேற்புக்காக 1990ல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவே இல்லை.

மிஞ்சியது ஒர்க்ஸ் கமிட்டி, அதாவது நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சேர்ந்து உட்காரும் குழு. 100 பேர் இருந்தால் அமைக்கச் சொல்லலாம் என்றது 1947 தொழில் தகராறுச் சட்டம். 1959ல் அதற்கு ஒரு பட்டியலும் போட்டார்கள்: வெளிச்சம், குடிநீர், கேன்டீன், பண்டிகை பேசலாம்; சம்பளம், போனஸ், ஆட்குறைப்பு பேசக் கூடாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் அந்தக் கமிட்டியில் உட்கார்ந்தவன் நான். சாம்பார் தண்ணியாக இருக்கிறது, ஆயுத பூஜைக்குப் பொரி எத்தனை கிலோ, இதெல்லாம் அழகாக மினிட்ஸில் ஏறும். ஒரு வாரம் கேன்டீனில் டோக்கன் பதினொன்று குறைந்தது. பதினொரு பேரை நிறுத்திவிட்டார்கள் என்று அப்படித்தான் எங்களுக்கே தெரிந்தது.

உங்கள் ஆலையிலும் கமிட்டி இருக்கும். மேலாளரோடு வாதாடுவதற்கு முன் மினிட்ஸ் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். சாம்பார் வருகிறதா என்று எனக்கும் எழுதுங்கள்.