பெட்ஷீட் தைக்க மெஷின் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று கட்டில்கள். கட்டிலுக்கு இரண்டு என்று ஆறு செட் பெட்ஷீட்டும் தலையணை உறையும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு செட் மூன்று வருடம் வரும். இனி எல்லாவற்றையும் நானே தைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். துணிச் செலவு ரெடிமேட் விலையில் 70 சதவீதம்தான் வருகிறது. இதற்காக ஒரு மின்சாரத் தையல் மெஷின் பார்த்து வைத்திருக்கிறேன். அதன் விலை பத்து செட் விலைக்குச் சமம். 12 மாதத் தவணை, ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. என் மாமியாரின் பழைய கால் மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது, ஆனால் அதில் நேர்த்தையல் மட்டும்தான் போட முடியும். கணவரோ, "ரெடிமேடே லாபம், விட்டுவிடு" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: புது மெஷினைத் தவணையில் வாங்குவதாக இருந்தால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. மாமியாரின் மெஷினைத் தூசி தட்டி எடுப்பதாக இருந்தால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு ரெடிமேட் செட்டின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். துணி 70 என்கிறீர்கள். அதில் நூல், எலாஸ்டிக், ஊசி, வெட்டியதில் வீணாகும் துண்டு எதுவும் சேரவில்லை. சுருக்கமும் சேரவில்லை. பருத்தித் துணி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம், நெருக்கமில்லாமல் நெய்த துணி இன்னும் கூடச் சுருங்கும். இதையெல்லாம் போட்டால் 80 பங்கு என்பதுதான் நம்பத்தக்க கணக்கு. அப்படியென்றால் ஒரு செட்டுக்கு மிச்சம் 20. மெஷின் 1000 பங்கு. போட்ட பணம் திரும்ப 50 செட் தைக்க வேண்டும். ஆறு செட், மூன்று வருடம் என்றால் உங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு இரண்டு செட்தான் தேவை. ஆக 25 வருடம். உங்கள் 70-ஐயே ஒப்புக்கொண்டாலும் 17 வருடம் ஆகும்.

தவணையையும் பார்த்துவிடுவோம். 1000 பங்கை 15 சதவீத வட்டியில் 12 மாதத்தில் கட்டினால் வட்டி மட்டும் சுமார் 83 பங்கு. இரண்டு வருடம் உட்கார்ந்து தைத்து மிச்சம் பிடிப்பதை முதல் வருட வட்டியே வாங்கிக்கொண்டு போய்விடும். வட்டியில்லாத் தவணை என்று யாராவது சொன்னால், மொத்தப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் விலையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். குறைத்துத் தருகிறேன் என்றால் அந்தத் தொகைதான் வட்டி, பெயர் மட்டும் வேறு.

இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு மோசமாக வருகிறது? சாதாரண பெட்ஷீட்டில் தையல் வேலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நாலு பக்கமும் ஓரம் மடித்து அடித்தால் முடிந்தது. அதன் விலையில் பெரும்பகுதி துணிதான். அந்தத் துணியைத் தயாரிப்பாளர் மொத்தமாக, உங்களைவிடக் குறைந்த விலைக்கு வாங்குகிறார், பல அடுக்கு விரித்து ஒரே வெட்டில் வெட்டுகிறார். கூலி குறைவாக இருக்கும் பொருளில் கூலியை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் என்ன கிடைக்கும்?

அதனால் எதைத் தைப்பது என்று பொறுக்க வேண்டும். உங்கள் மூன்று மெத்தைகளில் ஏதாவது ஒன்று வழக்கத்துக்கு மாறான அளவா? ரொம்ப உயரமா, அகலம் குறைவா, மூலை வெட்டியதா? அப்படி இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். அந்த அளவுக்கு ரெடிமேட் பொருந்தாது, சொல்லி வைத்துத் தைத்தால் கூலி துணியை எட்டிப் பிடித்துவிடும். அங்கே உங்கள் கைவேலைக்கு உண்மையான மதிப்பு உண்டு. கம்ஃபர்ட்டர் உறையும் அப்படித்தான், வேலை அதிகம். தலையணை உறையில் வேறு ஒரு லாபம்: கிடைக்கிற துண்டை வைத்தே முடித்துவிடலாம். 50-க்கு 75 செ.மீ. தலையணைக்கு, வாய்ப்பக்கம் உள்ளே மடங்குகிற மாதிரியான உறை தைக்க 53 செ.மீ. அகலத்தில் 180 செ.மீ. நீளம் போதும். ஜிப்பும் வேண்டாம், பட்டனும் வேண்டாம்.

எலாஸ்டிக் வைத்த விரிப்பில்தான் பலர் துணிக்கடையில் ஏமாறுகிறார்கள். மீட்டர் விலையை மட்டும் பார்ப்பதுதான் காரணம். 150-க்கு 200 செ.மீ. மெத்தை, உயரம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 20 செ.மீ. இறக்கம், அடியில் செருக 10, மடிப்புக்கு 2. ஆக 214-க்கு 264 வேண்டும். 5 சதவீதச் சுருக்கத்துக்கும் இடம் விட்டால் நீளம் 278. பெரிய பன்னாத் துணி, அதாவது 240 செ.மீ. அகலத்தில் வருவது, 2.8 மீட்டர் வாங்கினால் வேலை முடிந்தது. சுருங்கினாலும் 228 நிற்கும். 112 செ.மீ. பன்னா மீட்டருக்கு மலிவாகத் தெரியும். ஆனால் அதில் 5.6 மீட்டர் வாங்கி, இரண்டு துண்டை மூட்ட வேண்டும். சுருங்கி, மூட்டியது போக 210 செ.மீ. அளவில்தான் நிற்கும், 4 செ.மீ. பற்றாது. போதாக்குறைக்கு மூட்டின தையல் முதுகுக்கு நேர் கீழே ஓடும். எனவே கடையில் மீட்டர் விலை கேட்டதும் அதைத் துணியின் அகலத்தால் (மீட்டரில், 240 செ.மீ. என்றால் 2.4) வகுத்துவிடுங்கள். சதுர மீட்டருக்கு என்ன விலை என்று தெரிந்துவிடும். பெரிய பன்னா அதில் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்கச் சொல்வேன்.

வெட்டுவதற்கு முன் துணியை ஒரு தடவை துவைத்துக் காயப்போடுங்கள். இதை நான் புத்தியால் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். ஊருக்கெல்லாம் சிக்கனம் சொல்கிற நான், நல்ல கனமான பருத்தித் துணி வாங்கி, துவைக்கப் பொறுமை இல்லாமல் அன்றைக்கே வெட்டித் தைத்தேன். முதல் சலவைக்கு அப்புறம் நாலாவது மூலை மெத்தையில் ஏறவே இல்லை. அது இப்போது தலையணை உறையாக இருக்கிறது. நான் தைத்ததிலேயே அதிகச் செலவான தலையணை உறை அதுதான்.

இனி மெஷின். நேர்த்தையல் மட்டும்தான் வரும் என்று குறையாகச் சொல்கிறீர்கள். படுக்கைத் துணியில் வேறென்ன தையல் வேண்டும்? எல்லாம் நேர்க்கோடுதான். பிசிறு போகும் என்று பயந்தால் இரட்டைத் தையல் போடுங்கள்: முதலில் துணியின் நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி வைத்து ஒரு வரி, ஓரத்தைக் கத்தரித்துத் திருப்பி, உள்பக்கம் இன்னொரு வரி. பிசிறு உள்ளேயே அடங்கிவிடும், ஓரத்தைச் சுற்றிப் பின்னும் ஓவர்லாக் தையல் தேவையில்லை. ஊசி மட்டும் புதிதாகப் போடுங்கள். சாதாரண பருத்திக்கு 80 நம்பர், கனமான துணிக்கு 90. பெல்ட் மாற்றி, எண்ணெய் விட்டு, பாபின் பார்த்து சர்வீஸ் செய்ய ஒரு செட் விலையே ஆனாலும், ஐந்து செட்டில் அந்தக் காசு திரும்பிவிடும். 25 வருடம் எங்கே, இரண்டரை வருடம் எங்கே. மாமியாரிடம் முறையாகக் கேட்டுவிட்டு எடுங்கள். அந்த மெஷினின் கோளாறுகள் அவருக்குத் தெரிந்த அளவுக்கு மெக்கானிக்குக்குத் தெரியாது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், என் கணக்கில் அதுதான் பெரிய லாபம். பெட்ஷீட் எங்கே கிழிகிறது? நடுவில், உடம்பு உரசும் இடத்தில். ஓரங்கள் புதிதாகவே இருக்கும். நடுப்பகுதி நைந்து வெளிச்சம் தெரிய ஆரம்பித்ததும், கிழியும்வரை காத்திருக்காமல், நீளவாக்கில் நடுவே வெட்டுங்கள். வெளி ஓரங்கள் இரண்டையும் சேர்த்து நடுவில் மூட்டுங்கள். நைந்த பக்கங்கள் ஓரத்துக்குப் போய், மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ளும். அகலத்தில் சில செ.மீ. குறையும், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரை ஒட்டி 1941 முதல் 1949 வரை பிரிட்டனில் உடைக்கும் துணிக்கும் ரேஷன் இருந்தபோது வீடுகளில் சகஜமாகச் செய்த வேலை இது. எலாஸ்டிக் விரிப்புக்கு ஒத்துவராது, சாதாரண விரிப்புக்கு மட்டும்.

பணக்கணக்கில் இது என்ன ஆகிறது பாருங்கள். மூன்று வருடம் வரும் செட் இதனால் நாலு வருடம் வந்தால், வருடத்துக்கு இரண்டு செட்டுக்குப் பதில் ஒன்றரை செட் போதும். மிச்சம் 50 பங்கு. புதிதாக இரண்டு செட் தைத்தால் மிச்சம் 40 தான். அதுவும் துணி வாங்கி, துவைத்து, வெட்டி, தைத்து. இங்கே செலவு கொஞ்சம் நூல்.

உங்கள் நேரத்துக்கு விலை போட வேண்டுமா என்ற கேள்வியும் வரும். தைக்கிற நேரத்தில் சம்பளம் வரும் வேலையை விடுகிறீர்கள் என்றால் போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம். தைப்பது பிடித்திருக்கிறது என்பதற்காகவே புது மெஷின் வேண்டும் என்றாலும் நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதைச் சேமிப்பு என்று எழுதாதீர்கள், பொழுதுபோக்குச் செலவில் எழுதுங்கள், ரொக்கமாகக் கொடுத்து வாங்குங்கள். மாதாமாதம் தனியாக எடுத்து வைத்தால் ஒரு வருடத்தில் சேர்ந்துவிடும். அதற்குள் ஆசை தீர்ந்துபோனாலும் நல்லதுதான், பணம் கையில் நிற்கும். அந்த ஒரு வருடமும் வெளியில் கொடுக்கும் தையல் கூலியை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: பேன்ட் நீளம் குறைத்தது, ஜிப் மாற்றியது, பிளவுஸ் பிரித்துத் தைத்தது எல்லாம். மெஷின் காசு அந்த வழியில் திரும்பினாலும் திரும்பும், பெட்ஷீட்டில் திரும்பாது.

தள்ளுபடி என்றால் துணி வாங்கி அடுக்கும் பழக்கத்துக்கும் இப்போதே ஒரு வரம்பு போடுங்கள். வாங்கினது தைத்து முடியும்வரை அடுத்தது இல்லை. அலமாரியில் தைக்காமல் கிடக்கும் துணி முடங்கிய பணம்.

சரி, இந்த வாரம் என்ன செய்யலாம்? மெஷினை சர்வீஸுக்குக் கொடுங்கள். இருக்கிற ஆறு செட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்ததைத் தனியே எடுங்கள். அதில் மிக மோசமானதை வெட்டி இரண்டு தலையணை உறை தைத்துப் பழகுங்கள், கெட்டாலும் நஷ்டமில்லை. அப்புறம் மூன்று மெத்தைகளையும் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள். நீளம், அகலத்தோடு நிறுத்திவிடாமல் உயரத்தையும் எழுதுங்கள், துணிக்கடையில் போய் நிற்கும்போது நினைவுக்கு வராதது அதுதான்.