சுவர் ஓவியம் அடியில் மட்டும் பொரிந்து உதிர்கிறது: பதில்

மேலயே திரும்பப் பெயின்ட் அடிக்காதீங்க, அதுவும் உரிஞ்சிரும். பசங்க சுவர்ல வரைஞ்ச மயில் ஓவியத்தைப் படம் எடுத்து அனுப்பி, கீழ ரெண்டடி மட்டும் பொரிஞ்சு வெள்ளையாப் பொடி கொட்டுதுன்னு சொல்றீங்க. அப்படின்னா கோளாறு பெயின்ட்ல இல்லீங்க. பெரும்பாலும் சுவர் மண்ணுல இருந்து ஈரம் இழுக்குது. அது காயுறப்ப உப்புப் பூத்து பெயின்டைத் தள்ளிவிடுது. நம்ம திருப்பூர்ப் பக்கம் சிமென்ட் பூச்சுக்குச் சப்பைத் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி ஊத்தியிருந்தா இன்னும் மோசம்.

ஒரு அடிச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்க. உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருந்தா சுவர்ல ஈரம் இருக்கு, சந்தேகமே வேண்டாம்.

முதல்ல சுவரோரம் தண்ணி நிக்கறதை, சாக்கடைக் கசிவைச் சரி பண்ணுங்க. நல்லாக் காஞ்சதும் உப்பை வறட்டு பிரஷ்ல தட்டி எடுங்க. கழுவாதீங்க, உப்பு கரைஞ்சு உள்ளயே போயிரும். அப்புறம் வெளிச்சுவர் பிரைமர், அதுக்கு மேல அக்ரிலிக் எமல்ஷன். எனாமல்ங்கிற ஆயில் பெயின்ட் வேண்டாம், ஈரத்தை உள்ள அடைச்சிரும்.

பழைய சுவர், அஸ்திவாரத்துல ஈரத்தடுப்பு இல்லைன்னா இவ்வளவு செஞ்சும் திரும்ப வரலாம். அப்போ அந்த ரெண்டடிக்குச் சுண்ணாம்பு மட்டும் அடிச்சு, மயில் தோகையை அதுக்கு மேலயே முடிச்சிருங்க. அந்தக் கழுத்து நீலம் படத்துலயே கண்ணைப் பறிக்குது, பசங்க உழைப்பு வீணாகக் கூடாதுங்க.