முத ஆல்பம், ஒம்பது பாட்டு: ரெக்கார்டு கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, பௌஹவுஸ் பேண்டோட 'பெலா லுகோசிஸ் டெட்' பாட்ட போன்ல கேட்டதுல இருந்து வேற எதுவும் ஓட மாட்டேங்கு. அவங்க முத ஆல்பம் 'இன் த ஃப்ளாட் ஃபீல்ட' ரெக்கார்டாவே வாங்கணும்னு ஆச. 1980ல வந்த ஒரிஜினலுக்குக் காசு சேக்கவா, புதுசா அடிச்சது போதுமா? (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: தம்பி, காசு கொடுக்கதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க, நீங்க சொன்ன பாட்டு அந்த எல்பில, அதான் அந்த ஆல்பத்தோட பெரிய ரெக்கார்டுல, கெடையாது. அது 1979 ஆகஸ்ட்ல ஸ்மால் வொண்டர்ங்கிற சின்ன கம்பெனி தனி 12 இஞ்ச் ரெக்கார்டா போட்டது, ஒம்பது நிமிசத்துக்கு மேல ஓடும், பேண்ட் சேந்து சில வாரத்துலயே ஸ்டுடியோக்குள்ள போயி ஒரே டேக்ல அடிச்சது. அது பேண்டுக்குப் பேரும் வாங்கிக் குடுத்துச்சு. வேற யாரும்னா அடுத்து வந்த ஆல்பத்துல அதயே முத பாட்டா வச்சு வித்திருப்பாவ. இங்கிலாந்துல நார்தாம்ப்டன்காரங்க இவங்க நாலு பேரும் அதச் செய்யல, சிங்கிளா, அதாவது தனிப் பாட்டு ரெக்கார்டா வந்த 'டார்க் என்ட்ரிஸ்'ஸையும் வெளியவே விட்டுட்டாவ. 1980 நவம்பர்ல 4ஏடி கம்பெனி போட்ட எல்பில மொத்தம் ஒம்பதே பாட்டு, முத பக்கம் அஞ்சு, ரெண்டாம் பக்கம் நாலு. பின்னாடி வந்த சிடில சிங்கிள் பாட்டுகளையும் சேத்து ஒட்டவச்சதால நெறய பேரு ஆல்பமே அதான்னு நெனைக்காவ. எனக்கு அது ஒப்பாது. அந்த ஒம்பது பாட்டும் அதே வரிசைல கேக்கணும், 'டபுள் டேர்'ல ஆரம்பிச்சு 'நெர்வ்ஸ்'ல முடியணும். அந்த 'டபுள் டேர்' கூட பிபிசில ஜான் பீல் நிகழ்ச்சிக்கு வாசிச்ச பதிவுதான், ஸ்டுடியோல திரும்பத் திரும்ப அடிச்சுப் பாத்தும் அந்த வேகம் வராததால அதயே எடுத்துப் போட்டுட்டாவ.

இப்ப ஒங்க கேள்விக்கு வாரேன். ஒரிஜினல் வேண்டாம், புதுசா அடிச்சதே வாங்குங்க, மிச்சக் காசுல நல்ல ஊசி வாங்குங்க. ஏன் சொல்லுதேன்னா, எல்பி நிமிசத்துக்கு 33⅓ சுத்து சுத்துது, அது மாறாது, ஆனா வெளி ஓரத்துல ஊசிக்குக் கீழ செகண்டுக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடும், நடு லேபிள் கிட்ட வரும்போது 21 சென்டிமீட்டர்தான். அதே சத்தத்த பாதிக்கும் கொறஞ்ச எடத்துக்குள்ள நெருக்கி எழுதியிருக்குன்னு அர்த்தம், அந்த எடத்துலதான் தேஞ்ச ஊசி தடுமாறும், ச, ஸ வார எடமெல்லாம் சீறும். இந்த ஆல்பத்துல ஏழு நிமிசத்துக்கு மேல ஓடுற 'நெர்வ்ஸ்' சரியா அந்த உள் பள்ளத்துலதான் கெடக்கு. ஆயிரக்கணக்குல கொடுத்து ஒரிஜினல் வாங்கி, ஏற்கனவே நாப்பது வருசம் யார் யாரோ ஓட்டுன பள்ளத்துல மட்டமான ஊசிய வச்சா பாடகர் பீட்டர் மர்ஃபி குரலே கரகரன்னுதான் கேக்கும். வெளிநாட்டு பார்சலுக்கு கஸ்டம்ஸ் வேற கட்டணும்லா.

கேள்வி: எங்க தாத்தா ரேடியோ செட் வச்சிருந்தாரு, கல்யாண வீடு, கோயில் கொடைன்னு சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் போவாரு. அவரு ரெக்கார்டு பிளேயர் தட்டட்டில கெடக்கு, சுத்துது. அதுல புது எல்பி போடலாமா? (வாசகர், தச்சநல்லூர்)

பதில்: போடாதீங்க தம்பி. முதல்ல அதுல 33 ஸ்பீடு இருக்கான்னு பாருங்க. இருந்தாலும் ஊசி முக்கியம். நிமிசத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய ரெக்கார்டோட பள்ளம் எல்பி பள்ளத்த விட மூணு மடங்கு கிட்ட அகலம், அதுக்கான ஊசிய எல்பில வச்சா பள்ளத்தோட செவரையே செதைச்சிரும். சில பிளேயர்ல ஊசியத் திருப்பி வைக்கலாம், ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்பின்னு இருக்கும், அப்பவும் ஊசிய மாட்டியிருக்க அந்தக் காலத்து செராமிக் கார்ட்ரிட்ஜ் அஞ்சு கிராம், அதுக்கும் மேலன்னு கனமா அமுத்தும், இப்ப உள்ள காந்தக் கார்ட்ரிட்ஜுக்கு ரெண்டு கிராம் சுத்தி போதும். தாத்தா பெட்டிய தாத்தா ரெக்கார்டுக்கே வச்சுக்கிடுங்க, அந்தக் குழாய்ல ஊரே கேட்ட பாட்டு எல்லாம் அதுலதான் நல்லாருக்கும். ஒண்ணு மட்டும், அந்தப் பழைய 78 தட்ட ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சிராதீங்க, அது அரக்கு, கரைஞ்சு போயிரும்.

கேள்வி: 'ஸ்டிக்மாட்டா மார்ட்டர்' பாட்டு ஓடும்போது அம்மா வந்து, லத்தீன்ல பிதா சுதன்னு சொல்லுதான், இது சாத்தான் பாட்டுதானன்னு சத்தம் போட்டாங்க. ரெக்கார்டு வந்தா வீட்டுக்குள்ள விட மாட்டாங்களோன்னு பயமாருக்கு. (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: அம்மா காதுக்குச் சரியாத்தான் கேட்டிருக்கு தங்கச்சி, அது பிதா, சுதன், பரிசுத்த ஆவி நாமம்தான். பீட்டர் மர்ஃபி கத்தோலிக்கக் குடும்பத்துல வளந்தவரு, சிலுவைல பட்ட காயம் தன் ஒடம்புலயே வாரதப் பத்தின பாட்டு அது. அசிசி பிரான்சிஸ் புனிதருக்கு ஐந்து காயம் வந்த கத அம்மாவுக்கு நம்மள விட நல்லாத் தெரியும், அதச் சொல்லி ஆரம்பிங்க. சாமிய கும்பிடுற பாட்டுன்னு பொய் சொல்ல வேண்டாம், அது பக்திப் பாட்டு கெடையாது, சின்ன வயசுல கோயில்ல பாத்த ரத்தமும் காயமும் மனசுக்குள்ள கெடந்து பயமுறுத்துறத ஒரு மனுசன் கத்தித் தீக்குதான், அவ்வளவுதான். சாத்தான கும்பிடுற பாட்டும் கெடையாது. அவரு பின்னாடி துருக்கில போயி இருந்து இஸ்லாத்துக்கு மாறுனாரு, கடவுளத் தேடுற ஆளுதான். ஜெபமாலை நேரத்துல மட்டும் போடாதீங்க. அப்புறம் அட்டைல துணியில்லாத ஒரு ஆளு எக்காளம் ஊதுற மாதிரி போட்டோ இருக்கும், துவேன் மைக்கேல்ஸ்னு பெரிய போட்டோகிராபர் எடுத்தது, பார்சல அம்மா பிரிக்கதுக்கு முன்னாடி நீங்களே காட்டிச் சொல்லிருங்க.

கேள்வி: சாரல் சீசன்ல ரெக்கார்டுல பூசணம் பிடிக்கு. என்ன செய்ய? (வாசகர், தென்காசி)

பதில்: டிஸ்டில்ட் வாட்டர்ல ஒரு சொட்டு லிக்விட் சோப்பு விட்டு, மெத்துன்னு துணியால பள்ளம் போற வாக்குலயே தொடைங்க, போர் தண்ணி வேண்டாம், உப்புப் படிஞ்சிரும். நல்லாக் காஞ்ச பெறகு பழைய பேப்பர் உறையத் தூர போட்டுட்டு புது உறைல போட்டு நிப்பாட்டி வைங்க. வெயில்ல மட்டும் காய வச்சிராதீங்க, நெளிஞ்சு போயிரும்.

கேள்வி: லாரி ஆபீஸ்ல வேல பாக்கேன். இந்த ஆல்பத்த அப்பவே பத்திரிகைல எல்லாம் திட்டுனாவளாமே, இருட்டு, அலறல் தவிர இதுல நமக்கு என்ன இருக்கு அண்ணாச்சி? (வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: திட்டுனது நெசம், என்எம்ஈ, சவுண்ட்ஸ் ரெண்டுமே கிழிச்சுத் தொங்கவிட்டுச்சு. ஆனாலும் இங்கிலாந்துல சின்ன கம்பெனி ரெக்கார்டுகளுக்குன்னு உள்ள இண்டி சார்ட்ல முத எடத்துக்குப் போச்சு, பெரிய சார்ட்லயும் 72ஆவது எடத்த எட்டிப் பாத்துச்சு, ரேடியோல கேட்டும் ஆள் சொல்லியும் ஜனங்க தேடி வாங்கியிருக்காவ. நமக்கு என்ன இருக்குன்னா, தலைப்புப் பாட்டே ஒண்ணும் நடக்காத சின்ன ஊர்ல ஒரு பையன் மூச்சு முட்டிக் கெடந்து வேற எங்கயாவது போயிரணும்னு துடிக்கிறதுதான். ஒங்களுக்குன்னே முத பக்கத்துக் கடைசில 'ஸ்பை இன் த கேப்'னு ஒரு பாட்டு கெடக்கு. லாரி டிரைவர் எவ்வளவு நேரம் ஓட்டுதான், எங்க நிறுத்துதான்னு குறிச்சு வைக்கிற டேக்கோகிராப் மிசின அங்க வண்டிக்குள்ள மாட்டுனப்ப டிரைவருங்க அத கேபின்குள்ள ஒக்காந்த உளவாளின்னு திட்டுனாவ, அதத்தான் பாடியிருக்காவ. பேயும் இல்ல, ரத்தமும் இல்ல, ஆனா இந்த ஆல்பத்துல எனக்கு நெசமாவே பயம் குடுக்கது அந்தப் பாட்டுதான். இப்ப ஒங்க ஆபீஸ் வண்டில எல்லாம் ஜிபிஎஸ் இருக்கும்லா, டிரைவருமாரையும் ஒக்கார வச்சு அந்த ஒரு பாட்ட மட்டும் போட்டுக் காட்டுங்க, அவங்க என்ன சொன்னாவன்னு அடுத்த மாசம் எனக்கு எழுதிப் போடுங்க.