முழு சிக்னல் இருந்தும் இணையப் பக்கம் திறக்காதது ஏன்?

தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் சிக்னல் கோடுகள் முழுதாக இருந்தும் பக்கம் திறப்பதில்லை, வாட்ஸ்அப் செய்தி மட்டும் போய்விடுகிறதே என்று கேட்கிறீர்கள்.

கோடுகள் காட்டுவது டவரின் அலை வலிமையைத்தான், அதில் எத்தனை பேர் முட்டிமோதுகிறார்கள் என்பதை அல்ல. காலை நேர வண்டியில் கேட்கவே வேண்டாம். பக்கம் திறக்க முதலில் தளத்தின் பெயருக்கு முகவரி தேடும் டிஎன்எஸ், அப்புறம் சர்வரோடு இணைப்பு ஏற்படுத்தும் டிசிபி, அதன்மேல் அந்த இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் என்று தகவல் பலமுறை போய்வந்த பிறகுதான் முதல் எழுத்தே வரும். நடுவில் பாக்கெட் (தகவலின் ஒரு சிறு துண்டு) தொலைந்தால், பழைய டிசிபி முறைகள் அதை நெரிசல் என்று எடுத்துக்கொண்டு அனுப்பும் அளவைப் பாதியாக்கிவிடும். அலை தடுமாறினாலும் பாக்கெட் தொலையலாம் என்பதால், அலைபேசி இணைப்புக்கு இது அநியாயம்.

செய்தியோ சின்னது, போகாவிட்டால் போனிலேயே காத்திருந்து மறுபடி முயலும்.

சரி, பெரிய கோப்பு இறக்க வேண்டுமா? விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி, கோப்பு இறக்கும் கட்டளை நிரல்களான கர்ல், ஆர்சிங்க் இரண்டிலும் உண்டு. தொலைவிலுள்ள கணினியில் வேலை செய்யப் பயன்படும் எஸ்எஸ்எச் இணைப்பு அடிக்கடி அறுந்தால், அதற்குப் பதிலாக மோஷ் நிரலைப் போட்டுப் பாருங்கள்; ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் கருவியின் எண்) மாறினாலும் தாங்கும்.